புதுப்பிப்பு: எச்.ஐ.வி.யுடன் வாழ்வோருக்கான உடற்பயிற்சித் திட்டம்

டொராண்டோவின் ஒய்.எம்.சி.ஏ. கூடத்தில் எச்.ஐ.வி.யுடன் வாழ்வோருக்காக நடத்தப்பட்ட சமூக உடற்பயிற்சித் திட்டத்தைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். வாரம் மூன்று முறை 90 நிமிடப் பயிற்சி நோய் எதிர்ப்பாற்றலைக் குறைத்துவிடாதா என்று சிலர் கவலையோடு கேட்டிருந்ததால் இதைச் சேர்க்கிறேன்.

உடல்நிலை சீராக உள்ள பெரியவர்கள் வாரம் மூன்று முறை, குறைந்தது 5 வாரங்களுக்கு ஏரோபிக் பயிற்சி (வேகநடை, ஓட்டம் போல மூச்சையும் இதயத் துடிப்பையும் கூட்டும் பயிற்சி) செய்வது பாதுகாப்பானது என்றும், இதய நுரையீரல் திறனும் உடல் வலிமையும் அதனால் மேம்படக்கூடும் என்றும் ஆய்வாளர் கெல்லி ஓ'பிரையன் குழுவினரின் காக்ரேன் தொகுப்பாய்வுகள் (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்து மதிப்பிடுபவை) கூறுகின்றன. நோய் எதிர்ப்பாற்றலைக் காட்டும் சிடி4 இரத்த அணுக்களின் எண்ணிக்கையிலோ இரத்தத்தில் உள்ள வைரஸ் அளவிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. ஆகவே பயிற்சி தீங்கு செய்வதில்லை, ஆனால் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரைகளுக்கு அது ஒருபோதும் மாற்றாகாது.

டொராண்டோ திட்டத்தில் பங்கேற்றவர்கள் 25 வாரங்கள், வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 90 நிமிடம் பயின்றார்கள். வாரந்தோறும் ஒரு பயிற்றுநர் உடனிருந்து வழிகாட்டினார். மருத்துவமனைக்குள் ஒதுக்கப்படாமல், ஊரார் அனைவரும் வந்துபோகும் கூடத்திலேயே அவர்கள் பயின்றதைத்தான் இத்திட்டத்தின் பெரும் சிறப்பாக நான் மதிக்கிறேன். பயிற்றுநரின் துணை முடிந்த பின்பும் 8 மாதங்கள் அவர்களின் நிலை தொடர்ந்து கவனிக்கப்பட்டது.

இதய நோயோ எலும்புத் தேய்மானமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கலந்த பின்னரே தொடங்க வேண்டும்.