சந்தா கட்டாதவருக்காகவும் சங்கம் வாதாட வேண்டுமா? ரைட் டு ஒர்க் (சங்கத்துக்குச் சந்தா கட்டும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற சட்டம்) வந்த அமெரிக்க மாநிலங்களில் நீங்கள் கண்டது என்ன?

மில்வாக்கிவாசி:
பின்னணி எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2015 மார்ச்சில் விஸ்கான்சினில் ரைட் டு ஒர்க் சட்டம் வந்த பிறகு எங்கள் பட்டறையில் ஒருவர் சந்தாவை நிறுத்திக்கொண்டார். 2016 ஏப்ரலில் அங்குள்ள டேன் கவுண்டி நீதிபதி சட்டம் செல்லாது என்றார்: காசு தராமல் சங்கத்தை உழைக்க வைப்பது, இழப்பீடின்றிச் சொத்தைப் பறிப்பதாகும் என்பது அவர் தீர்ப்பு. அந்த நேரம் பார்த்து நம் ஆளைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். நேரே சங்கப் பிரதிநிதியிடம் போய் நின்றார். பிரதிநிதி திட்டவில்லை. புகார்ப் படிவத்தை எழுதி முடித்து, தீர்ப்பின் முதல் பக்கத்தை அதன் மேல் வைத்து ஸ்டேப்லரால் அடித்து, "கையெழுத்துப் போடு" என்று நீட்டினார். வழக்கு மத்தியஸ்தர் வரை போய் வேலை திரும்பக் கிடைத்தது. சந்தா திரும்பவில்லை. நான் அந்தச் சட்டத்துக்கு ஆதரவானவன்தான். இருந்தும் அந்தப் படிவம் உறுத்துகிறது.

இந்தியானா சட்ட மாணவி:
உறுத்த என்ன இருக்கிறது ஐயா? அந்தத் தீர்ப்பையே 2017 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிவிட்டதே! எங்கள் வகுப்பின் மாதிரி நீதிமன்றத்தில் சட்டத்தைக் காக்கும் தரப்பு என் தலையில் விழுந்தது. இப்படிச் சட்டம் போடும் அதிகாரத்தை மாநிலங்களுக்கு 1947-ஆம் ஆண்டின் டாஃப்ட்-ஹார்ட்லி என்ற மத்தியத் தொழிலாளர் சட்டமே விட்டுக்கொடுத்திருக்கிறது. 1949-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் இத்தகைய சட்டங்கள் செல்லும் என்றது. எல்லோருக்காகவும் பேச வேண்டும் என்று சங்கத்தைக் கட்டாயப்படுத்துவது மத்திய சட்டம், மாநிலம் அல்ல. 2014-இல் இந்தியானா மாநில உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதையேதான். அப்படியானால் சங்கத்தின் உழைப்புக்குக் கூலி எங்கே என்றார் ஆசிரியர். முதலாளியின் எதிரே பேரம் பேசச் சங்கம் மட்டுமே உட்காரலாம் என்ற தனியுரிமைதான் கூலி என்றேன். கேரி நகர எஃகு ஆலைத் தொழிலாளியின் மகன் ஒருவன் எழுந்து, "அந்த நாற்காலி என் அப்பாவுக்குப் பெட்ரோல் போட்டுத் தருமா?" என்றான். வகுப்பே சிரித்தது. வாதத்தில் நான்தான் ஜெயித்தேன், மதிப்பெண்ணும் எனக்குத்தான். அவனுக்கு என்ன பதில் சொல்வது என்று இன்றும் யோசிக்கிறேன்.

கனாவா கணக்கர்:
மேற்கு வர்ஜீனியாவில் ஆளுநரின் மறுப்பையும் மீறி 2016-இல் சட்டம் வந்தது. 2017 பிப்ரவரியில் தடை, செப்டம்பரில் தடை நீக்கம், 2019-இல் கீழ் நீதிமன்றம் செல்லாது என்றது, 2020-இல் மாநில உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. நான் சம்பளப் பட்டியல் போடுபவன். ஜன்னலில் ஒரு பெண்மணி கேட்டார்: "இந்த மாதம் சந்தா பிடிப்பீர்களா, மாட்டீர்களா? ஆமாம், இல்லை, ஒன்றைச் சொல்லுங்கள்." மேலதிகாரியைக் கேட்டால் வக்கீலைக் கேள் என்றார். வக்கீல், காத்திரு என்றார்.

மிசௌரிக்காரர்:
நீங்களெல்லாம் ஏன் நீதிமன்றத்தையே கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்? நாங்கள் கையெழுத்து வாங்கிச் சட்டத்தை வாக்குச்சீட்டுக்குக் கொண்டுபோனோம். 2018 ஆகஸ்டில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு அதற்கு எதிராக விழுந்தது. அரசு வழக்கறிஞருக்கு வாதாட எதுவும் மிஞ்சவில்லை. என் வீதியில் கதவைத் திறந்த ஒரு முதியவர் பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டுவிட்டு, "நான் எந்தச் சங்கத்திலும் இல்லை" என்றார். அவ்வளவுதான் என் கதை.

பழைய பிரதிநிதி:
எனக்குச் சொல்ல ஒரு வரிதான்: சந்தா கட்டாதவருக்காக நானும் மேலாளர் அறையில் பல மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் சங்கத்தை விட்டு விலக நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை நிறைய. எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். சம்பளப் பிடித்தத்துக்குக் கொடுத்த ஒப்புதலை எந்தத் தேதிகளில் திரும்பப் பெறலாம் என்று படிவத்தின் பின்பக்கம் பாருங்கள். பலர் அதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். விலகினால் சங்கத் தேர்தலில் வாக்குரிமை போய்விடும். ஒப்பந்தத்தை ஏற்பதா வேண்டாமா என்ற வாக்கெடுப்பிலும் பெரும்பாலும் இடம் இருக்காது. ரயில்வேயிலோ விமான நிறுவனத்திலோ இருந்தால் மாநிலச் சட்டம் உங்களைத் தொடாது, அங்கே தனி மத்திய சட்டம். அரசு ஊழியர் என்றால் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2018 ஜேனஸ் தீர்ப்புக்குப் பிறகு எந்த மாநிலத்திலும் சங்கத்துக்குக் காசு கட்டும் கட்டாயம் இல்லை. மிச்சிகனில் இருப்பவர்கள் பழைய கட்டுரைகளை நம்ப வேண்டாம், 2024 பிப்ரவரியிலிருந்து அந்தச் சட்டமே அங்கு இல்லை.

மில்வாக்கிவாசி:
விலகுவது எப்படி என்று நான் கேட்கவே இல்லையே! மாணவி அவர்களே, உங்கள் வாதம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் ஒப்பந்தப்படி மத்தியஸ்தர் கட்டணத்தில் பாதி சங்கத்தினுடையது. அந்த ரசீதை எங்கள் பொருளாளர் கூட்டத்தில் வாசித்தபோது, வேலை திரும்பக் கிடைத்தவர் அங்கே இல்லை. உறுப்பினர்களுக்கு மட்டும் என்பதால் அவருக்கு அழைப்பும் போகவில்லை.