ஐம்பதை நெருங்கும் வீட்டில் உப்பையும் எண்ணெயையும் குறைத்த பின் ருசிக்கு என்ன வழி?

கேள்வி: காவிரிக்கரை (தஞ்சாவூர்)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 48 வயது, என் கணவருக்கு 54. அண்மையில் இருவரும் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டோம். அவருக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (எச்பிஏ1சி) 6.1 சதவீதம் என்றும், இரத்த அழுத்தம் எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றும் தெரியவந்தது. மாதவிடாய் நின்ற பிறகு எனக்குக் கெட்ட கொழுப்பு கூடியிருக்கிறது. இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், உணவைச் சீர்செய்து தினமும் நடந்துவிட்டு மறுபடியும் வாருங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதோடு ஓர் அச்சிட்ட உணவுப் பட்டியலும் கிடைத்தது. ஓட்ஸ், ப்ரோக்கோலி, ஆலிவ் எண்ணெய், வேகவைத்த காய்கறிக் கலவை என்று அதில் இருப்பவற்றில் பாதி எங்கள் கடைத்தெருவில் கிடைப்பதில்லை; மீதியை என் கணவர் தொடுவதில்லை.

எனவே எங்கள் வழக்கமான சாம்பார், ரசம், கூட்டு, பொரியலிலேயே உப்பையும் எண்ணெயையும் தேங்காயையும் பாதியாகக் குறைத்துச் சமைத்துப் பார்த்தேன். "காய்ச்சல்காரனுக்குப் போடும் பத்தியச் சாப்பாடு" என்று சொல்லிவிட்டு, ஊறுகாய்ப் பாட்டிலைத் தாமே எடுத்து வந்து பக்கத்தில் வைத்துக்கொள்கிறார். அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை, ஏனெனில் எனக்கே அது இறங்கவில்லை. எண்பதைக் கடந்த என் மாமனாரும் எங்களோடு இருப்பதால் இரண்டு உலை வைக்க இயலாது. நம் ஊர்ச் சமையலை விட்டு வெளியேறாமல், நாக்குக்கும் ஒத்துவரும்படி இந்த மாற்றத்தை எப்படிச் செய்வது? அனுபவமுள்ளவர்கள் விளக்கமாக எழுதினால் உதவியாக இருக்கும்.

பதில் 1: நெல்லைச் சமையல்

அம்மா, வணக்கம். பள்ளியில் மனையியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். உங்கள் கேள்வியில் "பாதியாகக் குறைத்து" என்ற இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. எல்லாப் பண்டத்திலும் எல்லாவற்றையும் ஒரே அளவில் குறைத்தால் இலையில் ருசியோடு எதுவுமே மிஞ்சாது. மூன்று பண்டம் வைத்தால் அவற்றில் ஒன்று எடுப்பாக இருக்கட்டும், மற்ற இரண்டும் அடங்கியிருக்கட்டும். வற்றக்குழம்பு வைக்கிற நாளில் கூட்டும் மோரும் உப்பு மிகக் குறைவாக இருந்தாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள். நம் வழக்கத்தில் சோற்றை உப்பில்லாமல் வடிப்பது ஏற்கெனவே நமக்குள்ள பெரிய வசதி.

அடுத்தது புளி. உப்பைக் குறைத்துவிட்டுப் புளியை மட்டும் பழைய அளவிலேயே கரைத்தால் குழம்பு நாக்கில் வெட்டும்; அதைச் சமன்செய்ய உப்பைத் தேடுவோம், உப்பு ஏறியதும் காரம் போதவில்லை என்று தோன்றும். ஆகவே இம்மூன்றையும் சேர்த்தே இறக்க வேண்டும். குறைந்த புளிப்பை ஈடுகட்ட, இறக்கும்போது சேர்க்கிற எலுமிச்சைச் சாறோ, துருவிய மாங்காயோ, அரைத்த நெல்லிக்காயோ பயன்படும். கொதிக்காத இந்தப் புளிப்பு நாக்கில் முதலில் படுவதால் உப்பின் குறை அவ்வளவாகத் தெரிவதில்லை.

உப்பு எவ்வளவு என்பதைப் போலவே எப்போது என்பதும் முக்கியம். வாணலி நிறைய இருக்கும் கீரை, வதங்கிய பிறகு ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். அதன் முதல் அளவைப் பார்த்து உப்புப் போட்டால் ஏறத்தான் செய்யும். வதங்கிச் சுருங்கிய பிறகு போடுங்கள். அவரை, கொத்தவரை, பீன்ஸ் போன்ற பொரியல்களிலும் காய் வெந்த பிறகு உப்பைத் தூவிப் புரட்டினால் அது காயின் மேற்பரப்பில் நிற்கும், குறைந்த அளவிலேயே நாக்குக்கு எட்டும்.

எண்ணெயைப் பொறுத்தவரை, வதக்குவதற்கு ஊற்றுவதை விட்டுவிட்டுத் தாளிப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காயைச் சிறிது நீர் தெளித்து மூடி ஆவியிலேயே வேகவிட்டு, முடிவில் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். பெருங்காயத்தின் வாசமும் கறிவேப்பிலையின் வாசமும் எண்ணெயில் கரைந்து வெளிப்படுபவை. தொடக்கத்திலேயே தாளித்து அரைமணி நேரம் கொதிக்கவிட்டால் அவை ஆவியோடு போய்விடுகின்றன. அரைக் கிலோ காய்க்கு ஒரு தேக்கரண்டி என்பதை முதலில் நம்ப மாட்டீர்கள். அடி கனத்த இரும்பு வாணலியும் இறுக மூடும் தட்டும் இருந்தால் அதுவே தாராளம்.

சாம்பார்ப் பொடியைக் குறைந்த அளவில் அடிக்கடி அரையுங்கள். ஆறு மாதப் பொடியில் வாசம் இருக்காது. அந்த இடத்தை உப்பால் நிரப்பிக்கொண்டிருப்போம். மல்லியையும் மிளகையும் சீரகத்தையும் வெறும் வாணலியில் வறுத்து அன்றன்றைக்கு இடித்துச் சேர்க்கும் ரசத்துக்கு உப்புச் சற்றுக் குறைந்தாலும் குறையாகத் தெரியாது. சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் சுட்டுச் சேர்ப்பதும் அப்படியே. தேங்காய் விஷயத்தில் நான் நெல்லைக்காரி. சொதியை விட்டுக்கொடுக்க மாட்டேன். அது எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இருக்கட்டும். அன்றாடக் கூட்டுக்குத் தேங்காயைப் பாதியாக்கி, குறைந்த பாதிக்கு ஒரு கரண்டி வெந்த பாசிப்பருப்பை மசித்துவிட்டால் குழைவு குறையாது.

பதில் 2: கோவைவாசி

மேலே அம்மா எழுதியிருப்பது அனைத்தும் சரி. நான் வேறொரு பக்கத்தைச் சொல்கிறேன். எனக்கு 57 வயது. மனைவி காலையிலேயே பணிக்குச் செல்வதால் வீட்டில் காலைச் சமையல் என் பொறுப்பு. இந்த வயதில் எதைக் குறைப்பது என்று மட்டுமே எல்லோரும் பேசுகிறார்கள், எதைக் கூட்டுவது என்று கேட்பவர் குறைவு. வயது ஏற ஏறத் தசை தானாகக் கரைகிறது. நடையோடு புரதமும் இருந்தால்தான் அதைத் தாங்கிப் பிடிக்க முடியும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020இல் வெளியிட்ட பரிந்துரையின்படி உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்குத் தேவை. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு இது ஏறத்தாழ 50 கிராம்.

நம் சாம்பாரைக் கணக்கிட்டுப் பாருங்கள். நான்கு பேருக்கு 100 கிராம் துவரம்பருப்புப் போட்டால் தலைக்கு 25 கிராம் பருப்பு, அதில் புரதம் ஐந்தாறு கிராம்தான். நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போட்டு அரைத்த இட்லியும் பெரும்பாலும் அரிசியே. பருப்பு சாப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு பருப்புத் தண்ணீரில் சோற்றைக் கரைத்துச் சாப்பிடுகிறோம் என்பேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எங்கள் பக்கத்தில் கொள்ளுப் பருப்பும் பச்சைப்பயறு கடைசலும் அடிக்கடி செய்வோம். கொள்ளை வறுத்து வேகவைத்து, வடித்த நீரில் ரசம் வைத்துவிட்டு, பருப்பைச் சின்ன வெங்காயம், சீரகம், வரமிளகாய், பூண்டோடு கரகரப்பாக ஆட்டி எடுத்தால் உப்புக்கல் ஒன்றிரண்டே போதும். கொள்ளுக்கே ஒரு மண்வாசம் உண்டு. அரிசியும் பருப்பும் சாதம் செய்யும்போது அரிசியில் பாதி அளவுக்குப் பருப்பைக் கூட்டிவிடலாம். அடைக்கு அரிசியும் பருப்புகளும் சரிபாதியாகவோ, பருப்பு அதிகமாகவோ நனைத்து அரைத்தால் இரண்டு அடையே வயிற்றை நிரப்பும். அசைவம் உண்டென்றால் மத்தி மீன் மலிவாகக் கிடைக்கிற நாள்களில் குழம்பு வையுங்கள். அதில் நல்ல கொழுப்பு உண்டு.

ஒரு பழக்கத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். இலையில் உட்கார்ந்ததும் சோற்றைப் பிசையாமல், முதலில் பொரியலையும் கூட்டையும் சுண்டலையும் உண்டுவிட்டுப் பிறகு சோற்றுக்கு வாருங்கள். சாப்பிட்ட பின் சர்க்கரை ஏறும் வேகம் இதனால் குறைகிறது. சோற்றின் அளவும் தானாகக் குறைந்துவிடுகிறது, யாரும் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியதில்லை.

பதில் 3: பெரம்பூர்க்காரன்

இவ்வளவு கணக்கு எதற்கு? அரிசியை அடியோடு நிறுத்திவிட்டு வரகு, சாமை, கேழ்வரகுக்கு மாறுங்கள். வெள்ளை உப்பை எறிந்துவிட்டு இந்துப்பு வாங்குங்கள். செக்கில் ஆட்டிய எண்ணெயாக இருந்தால் அளவு பார்க்க வேண்டியதே இல்லை. நம் முன்னோர் இவற்றை உண்டுதான் திடமாக இருந்தார்கள்.

பதில் 4: உணவியலாளர் (மதுரை)

பெரம்பூர் நண்பரின் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் அவர் சொன்ன மூன்றையும் அப்படியே ஏற்றுக்கொண்டு எங்களிடம் வருபவர்களுக்கு எண்கள் இறங்குவதில்லை என்பதால் விளக்க வேண்டியிருக்கிறது.

தீட்டிய பச்சரிசி 100 கிராமில் மாவுச்சத்து 78 கிராம் அளவில் இருக்கிறது. கேழ்வரகிலும் சிறுதானியங்களிலும் அது 60 முதல் 70 கிராம் வரை. நார்ச்சத்து கூடுதல் என்பதும், கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு என்பதும் பெரிய நன்மைகள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் பரிந்துரைக்கப்படுவதால் கேள்வி கேட்ட சகோதரிக்கு அது பொருந்தும். ஆயினும் மூன்று கரண்டி சோற்றுக்குப் பதிலாக நான்கு கரண்டி சாமைச் சோறு உண்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். மாவாக்கி நீர்க்கக் காய்ச்சிய கஞ்சி, முழுத் தானியமாக வேகவைத்ததைவிட விரைவாகச் செரித்துச் சர்க்கரையை ஏற்றும். வாரத்தில் சில வேளைகள் சிறுதானியம், மற்ற வேளைகளில் அளவான சோறு என்று வைத்துக்கொள்வதில் தவறில்லை.

இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடே. சாதாரண இந்துப்பில் அயோடின் சேர்க்கப்படுவதில்லை. செக்கு எண்ணெய்க்கு வாசம் உண்டு, அந்த வாசத்துக்காகக் குறைவாக ஊற்றலாம் என்றால் நான் ஒப்புக்கொள்வேன். ஆனால் எந்த எண்ணெயானாலும் கிராமுக்கு 9 கலோரிதான்.

அளவைக் கரண்டியால் கண்காணிப்பதைவிடப் பொட்டலத்தால் கண்காணிப்பது எளிது. உலகச் சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது. மாதத்துக்குத் தலைக்கு 150 கிராம் என்றால், மூவர் உள்ள உங்கள் வீட்டில் ஒரு கிலோ உப்பு இரண்டு மாதத்துக்கு மேல் வர வேண்டும். பொட்டலத்தைப் பிரிக்கும் நாளில் தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். அதிக உடலுழைப்பு இல்லாதவர்களுக்கு எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து நாளைக்கு 20 முதல் 25 கிராம். மூவருக்கு மாதத்துக்கு இரண்டே கால் கிலோவுக்குள் அடங்க வேண்டும்.

இந்தக் கணக்கில் ஊறுகாயும் அப்பளமும் வடகமும் மோர்மிளகாயும் கடை மிக்சரும் வராது என்பதுதான் சங்கடம். குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டுப் பக்கத்தில் ஊறுகாயை வைத்தால் குறைத்தது எல்லாம் திரும்ப வந்துவிடும். அப்பளத்தில் உப்போடு அப்பளக் காரமும் சேர்வதால் அதிலும் சோடியம் இருக்கிறது. ஆகையால் நான் சகோதரியிடம் சொல்வது இதுதான்: குழம்பில் அரைகுறையாகக் குறைத்து அவரை ஊறுகாய்க்கு விரட்டுவதைவிட, குழம்பை ஓரளவு ருசியாகவே வைத்து ஊறுகாயை நிறுத்துவது நல்லது. பிறகு உப்பைப் படிப்படியாக இறக்குங்கள். நாக்கு புதிய அளவுக்குப் பழகச் சில வாரங்களிலிருந்து இரண்டு மூன்று மாதங்கள் வரை ஆகும்.

காவிரிக்கரை (தஞ்சாவூர்)

அனைவருக்கும் மிக்க நன்றி. பொட்டலத்தில் தேதி எழுதும் யோசனையைக் கேட்ட உடனேயே உப்பு ஜாடியைத் திறந்து பார்த்தேன். அளவு என்னவென்று இங்கே எழுதப்போவதில்லை. இரண்டு சந்தேகங்கள். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் தனியாக விற்கிறார்களே, அதை வாங்கலாமா? என் மாமனாருக்குச் சிறுநீரகம் சற்றுப் பலவீனம் என்று சொல்லியிருக்கிறார்கள். மேலும், ஊறுகாயை நிறுத்தினால் தயிர்ச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள என்ன வைப்பது? அந்த இடம் காலியாக இருந்தால் வீட்டில் அமைதி இருக்காது.

உணவியலாளர் (மதுரை)

அந்த உப்பில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கப்பட்டிருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், இரத்த அழுத்தத்துக்கான சில வகை மாத்திரைகளை எடுத்துக்கொள்பவர்களுக்கும் பொட்டாசியம் உடலில் தேங்கி ஆபத்தாகலாம். உங்கள் வீட்டில் ஒரே உலை என்பதால் வேண்டாம். உங்கள் மாமனாருக்கு எவ்வளவு புரதம், எவ்வளவு பருப்பு என்பதையும் அவருடைய மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். கோவை நண்பர் சொன்ன கணக்கு அவருக்குப் பொருந்தாது.

நெல்லைச் சமையல்

தயிர்ச் சோற்றுக்கு மாங்காய் இஞ்சி கிடைக்கிற பருவத்தில் அதைத் தோல் சீவி மெல்லிய வில்லைகளாக நறுக்கி, எலுமிச்சைச் சாற்றில் பச்சை மிளகாயும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து ஊறவைத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். உப்புக் குறைவாக இருப்பதால் பல நாள் தாங்காது, சிறிய கிண்ணம் அளவுக்கே போடுங்கள். அது கிடைக்காத நாள்களில் நெல்லிக்காய்த் துவையல். பிரண்டை கிடைத்தால், இளந்தண்டாகப் பார்த்து நார் உரித்து, நமைச்சல் போக நன்றாக வதக்கி, உளுத்தம்பருப்பும் வரமிளகாயும் கொஞ்சம் புளியும் வைத்து அரைத்த துவையல். இதை உரிக்கும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்ள மறந்துவிடாதீர்கள்.

பாட்டிலை மேசையிலிருந்து எடுக்கிற அன்றைக்கே துவையல் மேசையில் இருக்க வேண்டும். மறுநாள் செய்துகொள்ளலாம் என்று விட்டால் பாட்டில் திரும்ப வந்துவிடும்.