மேக்ஃபைல் விதிகளை எல்லா இயங்குதளங்களுக்கும் பொதுவாக எழுதுவது எப்படி?

கேள்வி:
வணக்கம். லினக்ஸில் குனு மேக் என்னும் தொகுப்புக் கருவியைக் கொண்டு பிழையின்றித் தொகுக்கப்படும் என் சி நிரல்திட்டம், ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் சொந்த மேக்கில் முதல் விதியிலேயே நின்றுவிடுகிறது. விழுக்காட்டுக் குறியிட்ட வடிவ விதிகளையும் நிபந்தனைத் தொகுதிகளையும் பயன்படுத்தியிருக்கிறேன். இரண்டிலும் இயங்கும்படி மாற்ற வழி உண்டா?

மறுமொழி 1:
உண்டு. வடிவ விதிகள், யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொதுத் தரமான போசிக்ஸில் இல்லை. நிபந்தனைகளை இரு மேக்குகளும் வெவ்வேறு தொடரமைப்பில் எழுதுகின்றன. எனவே நிபந்தனைகளை நீக்கிவிட்டு, இயங்குதளத்துக்கு ஏற்ப மாறும் மதிப்புகளைக் கட்டளை வரியில் மாறிகளாகக் கொடுங்கள். வடிவ விதிகளுக்குப் பதிலாகப் பின்னொட்டு விதிகளை (கோப்புப் பெயர்களின் பின்னொட்டைக் கொண்டு எழுதப்படுபவை, எ.கா. .c.o:) எழுதுங்கள். ஆனால் அவற்றில் முன்தேவை (இலக்கு சார்ந்திருக்கும் கோப்பு) எதையும் சேர்த்துவிடாதீர்கள், சேர்த்தால் போசிக்ஸ் தரப்படி அது பின்னொட்டு விதியே ஆகாது. பலரும் தடுமாறும் இடம் இன்னொன்று: மூலக் கோப்பின் பெயரைத் தரும் $< என்னும் மாறியைப் பின்னொட்டு விதிகளில் நம்பலாம், பெயர் குறிப்பிட்ட இலக்குகளில் குனு மேக் அதற்கு மதிப்பளித்தாலும், அங்கே கோப்பின் பெயரை முழுமையாக எழுதுவதே பாதுகாப்பு.

மறுமொழி 2:
விதிகளைத் திருத்தினால் மட்டும் போதாது, அவற்றுக்குள் உள்ள ஷெல் கட்டளைகளையும் பாருங்கள். டெபியன் லினக்ஸ் 2011 முதல், மேக் கட்டளைகளை இயக்கும் /bin/sh ஆக டாஷ் என்னும் எளிய ஷெல்லையே வைத்திருப்பதால், பாஷ் என்னும் வேறொரு ஷெல்லுக்கே உரிய இரட்டைச் சதுர அடைப்புச் சோதனைகள் லினக்ஸிலேயே முறியக்கூடும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. என் மூலக் கோப்புகள் ஓரடைவிலும் பொருள் கோப்புகள் (தொகுத்தபின் கிடைக்கும் .o கோப்புகள்) வேறோர் அடைவிலும் இருக்கின்றன. பின்னொட்டு விதி அதற்கு உதவுமா?

மறுமொழி 1:
உதவாது, இரண்டும் ஒரே அடைவில் இருக்க வேண்டும். கோப்புகள் சிலவே என்றால் ஒவ்வொன்றுக்கும் தனி விதி எழுதிவிடுங்கள். நூற்றுக்கணக்கில் இருந்தால், குனு மேக் கட்டாயம் என்று நிறுவல் குறிப்பிலேயே தெளிவாக அறிவித்துவிடுவதை நான் விரும்புவேன்.