ஃபங்ஷன் கண் முன்னால் இருக்கிறது, அப்படி ஒன்று இல்லவே இல்லை என்கிறது எரர் மெசேஜ். உதவி!

பேச்சிப்பாறை_தண்ணி: அண்ணன்மாரே, அவசரம். குலசேகரத்தில் மாமாவுக்கு ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தும் அறையில் ஈரப்பதம் பார்த்து ஃபேன் ஓட்டுகிற போர்டு செய்கிறேன். நேற்றுவரை ஓடியது. ஃபேன் கோடை மட்டும் தனி ஃபைலுக்கு மாற்றினேன், உடனே ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் டு ஃபேன்_ஆன்()’ என்று நிற்கிறது. மழைக்கு முன்னால் மாட்டியாக வேண்டும்.

முப்பந்தல்_காத்து: எந்த சிப்? எதில் கம்பைல் பண்ணுகிறாய் தம்பி?

தேங்காப்பட்டணம்_கரை: மக்கா, ரேம் நிறைந்திருக்கும். ஏடிமெகா328பி சிப் என்றால் மொத்தமே 2 கேபி. ஸ்ட்ரிங் எல்லாவற்றையும் ஃபிளாஷ் மெமரிக்கு மாற்று.

பேச்சிப்பாறை_தண்ணி: அதே சிப்தான், அர்டுயினோ போர்டு. மாற்றிப் பார்த்தேன், அதே எரர்.

பழைய_கை: ரேமுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது கோடை மொழிபெயர்க்கும் கம்பைலரின் எரரே அல்ல, மொழிபெயர்த்த ஃபைல்களை ஒன்றாக இணைக்கும் லிங்கரின் எரர். இந்த வித்தியாசம்கூடத் தெரியாமல் போர்டில் கை வைக்கக் கூடாது. முதலில் அடிப்படையைப் படித்துவிட்டு வா.

தக்கலை_சால்டர்: எதைப் படிக்க என்று மெசேஜ் காட்ட வேண்டாமா சார்? தப்பான இடத்துக்குக் கீழே கூர்க்குறி போட்டுக் காட்டவே ஜிசிசி கம்பைலருக்கு 2013இல் 4.8 பதிப்பு வர வேண்டியிருந்தது, கிளாங் கம்பைலர் அதற்கு முன்பே காட்டியது. ரஸ்ட் மொழியில் எரர் எண்ணைக் கொடுத்தால் உதாரணத்தோடு விளக்கமே வருகிறது. சிப்போடு மல்லுக்கட்டுகிறவனுக்கு மட்டும் ஒற்றை வரி போதுமா?

பழைய_கை: நீளமாகப் போட்டால் எவன் படிக்கிறான்? சி++ டெம்ப்ளேட் எரர் பக்கம் பக்கமாக வருகிறது, யாருக்கு என்ன புரிந்தது?

தக்கலை_சால்டர்: நீளமா கேட்டேன்? அடுத்து எங்கே பார்ப்பது என்று ஒரு வரி கேட்டேன்.

முப்பந்தல்_காத்து: சரி, அது அப்புறம். தம்பி, மெசேஜில் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி இருக்கிறது பார். சி ஃபங்ஷனைத் தேடினால் லிங்கர் வெறும் பெயரைத்தான் காட்டும். அடைப்புக்குறி வந்தால் அது தேடுவது சி++ பெயரை, உள்ளே அது _இசட்6ஃபேன்_ஆன்வி என்று இருக்கும், 6 என்பது ஆங்கிலத்தில் எழுதினால் வரும் எழுத்துக் கணக்கு, அடிக்கோட்டையும் சேர்த்து. அர்டுயினோவின் மெயின் ஃபைலான ஐஎன்ஓ ஃபைல் சி++ ஆகத்தான் கம்பைல் ஆகும். உன் புது ஃபைல் டாட் சியா?

பேச்சிப்பாறை_தண்ணி: ஆமா அண்ணே, டாட் சி. அதைச் சொல்ல வேண்டும் என்று தோணல.

முப்பந்தல்_காத்து: அதுதான் விஷயம். டாட் சி என்றால் ஃபங்ஷன் வெறும் பெயரில் இருக்கும், லிங்கரோ சி++ பெயரைத் தேடுகிறது. டாட் சிபிபி என்று மாற்று. சியாகவே வேண்டுமென்றால் ஹெடரில் அந்த ஃபங்ஷனை எக்ஸ்டெர்ன் "சி"க்குள், அதாவது ‘சி பெயரிலேயே தேடு’ என்ற குறிப்புக்குள் வை, ஆனால் சி++ கம்பைலர் மட்டும் அந்தக் குறிப்பைப் பார்க்கிற மாதிரி இஃப்டெஃப் நிபந்தனை போடு.

தக்கலை_சால்டர்: எல்எல்டி என்ற லிங்கர் இதே இடத்தில் ‘எக்ஸ்டெர்ன் "சி" நினைத்தீர்களா’ என்று தானே கேட்கும். நான் கேட்ட ஒரு வரி அதுதான்.

பழைய_கை: அது சரி. ஆனால் அந்த வரி வந்தாலும் எக்ஸ்டெர்ன் "சி" என்றால் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும்.

பேச்சிப்பாறை_தண்ணி: சிபிபி ஆக்கினேன், ஏறிவிட்டது. ஃபேன் சுற்றுகிறது. நன்றி அண்ணே.

முப்பந்தல்_காத்து: சந்தோஷம். சென்சாரைப் புகைக்குள்ளேயா வைக்கிறாய்? கரி படிந்தால் அளவு தப்பும், பார்த்துக்கொள்.