வீட்டோடு வந்த செடி: முன்பு இருந்தவர்கள் விட்டுப்போனதை எப்படி அடையாளம் கண்டீர்கள்?

சிராங்கூன் மல்லி:

ஒன்றரை வருடமாக மனசுக்குள் கிடக்கிறது, இன்றாவது எழுதிவிடுகிறேன்.

சிங்கப்பூரில், சிராங்கூன் கார்டன்சில் பழைய தரைவீடு ஒன்று வாங்கினோம். கேட்டுக்கு வலப்பக்கம், லோங்காங்கை (சாக்கடைக் கால்வாயை) ஒட்டி ஒரு செடி நின்றது. என்னைவிட உயரம், குடை மாதிரிக் கவிந்திருக்கும். இலை பளபளவென்று, ஒரு காம்புக்கு ஐந்து. பூ இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. படம் எடுத்துப் போட்டதற்குக் கைப்பேசிச் செயலி காட்டுக் கறிவேப்பிலை என்றது, மலாயில் கெமுனிங் என்றும் சேர்த்துச் சொன்னது. தேக்காவில் காய்கறி விற்கும் அண்ணனிடம் ஒரு கொத்தைக் காட்டினேன். கசக்கி மோந்து பார்த்துவிட்டு, “வாசமே இல்லையேம்மா, இதை எதுக்கு வச்சிருக்கீங்க” என்றார். வீட்டில் வேலை பார்த்தவர்கள் வேர் லோங்காங்கை உடைத்துவிடும் என்று பயமுறுத்தினார்கள். சரி, வெட்டுங்கள் என்று சொல்லிவிட்டேன். முழங்கால் உயரத்துக்கு ஒரு கட்டைதான் மிச்சம்.

அடுத்த சனிக்கிழமை காலையில் கேட்டுக்கு வெளியே ஒரு சீனப் பாட்டியும் அவர் மகளும். முன்பு இந்த வீட்டில் இருந்தவர்கள். பாட்டி கையில் காலி மைலோ டின் ஒன்று. ஏதோ கேட்க வாயெடுத்தவர் கட்டையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். கோபப்படவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. குனிந்து, வெட்டிய இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். அப்புறம் ஓரமாகக் குவித்து வைத்திருந்த காய்ந்த கிளைகளுக்குள் கையை விட்டு எதையோ உருவி என் உள்ளங்கையில் வைத்தார். கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, நாலைந்து மஞ்சள் மணிகள். காய்ந்தும் வாசம் போகவில்லை. ஒரு பெயரை மூன்று தடவை சொன்னார். ‘லான்’ என்று முடிந்தது மட்டும் காதில் விழுந்தது. மகளுக்கும் அதை ஆங்கிலத்தில் சொல்லத் தெரியவில்லை. தேயிலையில் போடுவார்கள் என்று மட்டும் சொன்னார். பாட்டி டின்னை மூடிக்கொண்டு போய்விட்டார். ஒரு தொலைபேசி எண்ணாவது வாங்கியிருக்கலாம், தோன்றவே இல்லை.

கட்டை இப்போது துளிர்த்து இடுப்புயரம் வந்துவிட்டது. காட்டுக் கறிவேப்பிலையைத் தேயிலையில் போடுவார்கள் என்று யாராவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

ஈசூன் நாலாம் மாடி:

எங்களுடையது மறுவிற்பனை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. முன்பு இருந்த மலாய்க் குடும்பம் காரிடாரில் பெரிய மண்தொட்டி ஒன்றை விட்டுப்போயிருந்தது. குச்சி குச்சியாக ஒரு செடி, பொடி இலை, நுனியில் முள் மாதிரி இருக்கும். தினம் கடக்கும்போது புடவை மாட்டும். காரிடாரில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பதால் எப்போது தூக்கி எறியலாம் என்று நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மழை நாளில் என் மகள் (அப்போது நாலு வயது) அந்த இலையைக் கல்லில் வைத்துத் தட்டிச் ‘சமையல்’ செய்து, கையில் பிசைந்துகொண்டே தூங்கிவிட்டாள். எழுந்து வந்தபோது வலது உள்ளங்கை முழுக்க ஆரஞ்சு. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஏதோ அலர்ஜி என்று நினைத்துச் சோப்பு போட்டுத் தேய் தேய் என்று தேய்க்கிறேன், பிள்ளை அழுகிறாள், நிறம் போகவில்லை. சத்தம் கேட்டு எதிர்வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) வந்து கையைப் பிடித்துப் பார்த்து, “இனாய் லா, இனாய்!” என்றார். மருதாணி! கோனில் பிதுக்குவதுதான் எனக்குத் தெரிந்த மருதாணி. முன்பு இருந்தவர்கள் மகளின் திருமணத்துக்கு அந்தத் தொட்டியில் பறித்துத்தான் அரைத்தார்களாம்.

தேய்த்த தேய்ப்பில் அவள் கை சிவந்துபோயிருந்தது, மருதாணியால் அல்ல. அதை நினைத்தால் இன்றும் கஷ்டமாக இருக்கிறது. தொட்டியைச் சுவர் ஓரமாக நகர்த்தி வைத்திருக்கிறேன்.

மண்வெட்டி:

மல்லி அக்கா, உங்களுடையது காட்டுக் கறிவேப்பிலை இல்லை. தேக்கா அண்ணன் கசக்கி மோந்து வாசம் இல்லை என்றாரே, அதிலேயே விஷயம் இருக்கிறது. காட்டுக் கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பம், இலையைக் கசக்கினால் வாசம் வரும். பூ வெள்ளை, ஐந்து இதழ் விரியும், காய் பழுத்தால் சிவப்பு. மஞ்சள் மணி, விரியாத பூ, தேயிலை, ‘லான்’ என்று முடியும் பெயர் எல்லாம் சேர்த்தால் அது ‘மி ஸாய் லான்’. அரிசி மணி மாதிரிப் பூப்பதால் சீனத்தில் அந்தப் பெயர். தாவரப் பெயர் அக்லையா ஒடோராட்டா. நம் வேப்பமரத்தின் குடும்பம்தான்.

நான் தோட்ட வேலையில் 22 வருடம். என் கதை சின்னது: ஒரு தரைவீட்டில் இதே செடியை வேலி ஓரத்திலிருந்து நானே பிடுங்கிப் போட்டிருக்கிறேன், வீட்டுக்காரர் சொன்னார் என்று. அன்று சாயங்காலம் லாரியின் பின்பக்கம் முழுக்க அந்த வாசம். பிடுங்கிய பிறகுதான் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

பொதுவாக எல்லோருக்கும் சில விஷயம் சொல்ல வேண்டும். செயலியைக் குறை சொல்லாதீர்கள், நாம் கொடுக்கும் படம்தான் குறை. தூரத்தில் நின்று செடி முழுவதையும் ஒரே படமாக எடுத்தால் எந்தப் பச்சையும் ஒரே பச்சைதான். இலை தண்டில் சேரும் இடத்தை எடுங்கள். இலைகள் எதிரெதிரே இரண்டிரண்டாக வருகின்றனவா, மாறி மாறி ஒவ்வொன்றாக வருகின்றனவா என்று பார்த்தாலே பாதிப் பெயர்கள் கழிந்துவிடும். இட்லிப்பூச் செடியில் எதிரெதிர் இலைகளுக்கு நடுவே தண்டில் ஒரு சின்னச் செதில் இருக்கும், காப்பிச் செடியிலும் அப்படியே, இரண்டும் ஒரே குடும்பம். இலையின் அடிப்பக்கத்தையும் எடுங்கள். அளவு தெரிய ஒரு டாலர் நாணயத்தைப் பக்கத்தில் வையுங்கள். மல்லி அக்கா, நீங்கள் ஐந்து இலை என்று சொன்னது உண்மையில் ஒரே கூட்டிலை. அதன் நடுக்காம்பின் இரு பக்கமும் மெல்லிய பட்டை ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் சந்தேகமே வேண்டாம். இலையைக் கிள்ளிப் பால் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். பால் வந்தால் அரளி, நந்தியாவட்டை, ஆல், கள்ளி வகைகள் பக்கம் தேடலாம்.

பூக்கும்வரை பொறுங்கள். ஒரு வருடம் வெட்டாமல் விட்டுப் பாருங்கள். மரமாகவே ஆகிவிட்டது, வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் வீடு மரப் பாதுகாப்பு வட்டாரத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே சுற்றளவு 1 மீட்டரைத் தாண்டினால் சொந்த நிலத்து மரத்துக்கும் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும்.

வீட்டுச் செடியைத் தெரிந்தவரிடம் கொண்டுபோய்க் காட்டுவது இந்த ஊரில் பழைய பழக்கம். 1893ல் ஆக்னஸ் ஜோக்கிம் அம்மையார் தம் தோட்டத்து ஆர்க்கிட்டைப் பூமலையில் (தாவரவியல் தோட்டத்தில்) இருந்த ஹென்றி ரிட்லியிடம் காட்டினார். அந்த அம்மையார் பெயரிலேயே வழங்கும் அந்தப் பூதான் 1981ல் நம் தேசிய மலரானது.

பாசிர் ரிஸ் அப்பா:

மண்வெட்டி அண்ணன் மற்றதெல்லாம் சரியாகச் சொன்னார். ஆனால் “கிள்ளிப் பால் வருகிறதா பாருங்கள்” என்று இப்படிப் போகிற போக்கில் சொல்லக்கூடாது. அதைச் செய்துதான் நான் மாட்டிக்கொண்டேன்.

வாடகைக்கு எடுத்த வீட்டின் பின்பக்கம் இடுப்புயர வேலிச்செடி. இலை மேலே பச்சை, திருப்பினால் ரத்தச் சிவப்பு. அழகாக இருக்கும். என்ன செடி என்று பார்க்கலாமே என்று நாலு கிளையை ஒடித்தேன். வெள்ளைப் பால் சொட்டியது. மத்தியான வெயில், நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்தேன், அவ்வளவுதான். இடது கண்ணில் யாரோ மிளகாய்த்தூளை அப்பியது போல இருந்தது. குழாயைத் திறந்துவிட்டு அதன் கீழே முகத்தை வைத்துக்கொண்டே நின்றேன். என் மனைவி கிளையை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையோடு எடுத்துவந்தார், நான் செய்த காரியங்களைவிட அது எவ்வளவோ புத்திசாலித்தனம். அவசரப் பிரிவில் மறுபடி கண்ணைக் கழுவினார்கள். அன்று இரவு முழுவதும் இமையை மூடினாலும் எரிச்சல், திறந்தாலும் எரிச்சல். பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை, கடவுள் புண்ணியம்.

அதைச் சீனக் குரோட்டன் என்கிறார்கள். மலாயில் சம்பாங் டாரா. ‘டாரா’ என்றால் ரத்தம், இலையின் அடியைப் பார்த்தால் ஏன் என்று புரியும். ஊரில் திருகுகள்ளிப் பால் கண்ணில் படக்கூடாது என்று பாட்டி சொல்லிச் சொல்லி வளர்த்தார், இதுவும் அதே குடும்பம். ஆகவே கையுறை போடுங்கள், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள், கிள்ளிய கையை முகத்தருகே கொண்டுபோகாதீர்கள். இதைச் சொல்லாமல் அந்தச் சோதனையைச் சொல்லவே கூடாது.

மண்வெட்டி:

ஒத்துக்கொள்கிறேன். எனக்குக் கையுறை கையோடு ஒட்டிய வழக்கமாகிவிட்டதால் தனியாகச் சொல்லத் தோன்றவில்லை. முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும்.

தெம்பனிஸ் தேன்சிட்டு:

எனக்குச் செடியின் பெயரைச் சொன்னது ஒரு புழு.

தரைத்தளத்தில் என் அம்மா வீட்டு முன்னால் சதுரமாக வெட்டி வெட்டி வைத்த ஒரு புதர். முன்பு இருந்தவர்கள் காலத்திலிருந்தே மாதம் ஒருமுறை கத்தரி விழும், அதனால் பூ என்பதே கிடையாது. ஒரு நாள் பார்த்தால் இலைகள் மொட்டை. சுண்டுவிரல் நீளம், அதைவிடத் தடிமன், பச்சை நிறத்தில் நாலு புழுக்கள். ஒன்றைக் குச்சியால் தொட்டேன். தலையை உள்ளே இழுத்துக்கொண்டு முதுகை உப்பியது, அந்த உப்பலில் இரண்டு நீலக் கண்கள் திறந்தன! நிஜக் கண் இல்லை, கண் மாதிரி வட்டங்கள். கறுப்பு விளிம்பு, நடுவே வெளிர்நீலம். பாம்பு என்றே நினைத்துப் பின்னால் சாய்ந்தேன்.

பயத்தில் மருந்து அடித்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். அரளி அந்துப்பூச்சியின் புழு. அரளியையும் அதன் உறவுச் செடிகளையும் தின்னும், நந்தியாவட்டையும் அதில் ஒன்று. அம்மாவிடம் சொல்லிக் கத்தரியை நிறுத்தினோம். சில வாரத்தில் வெள்ளை வெள்ளையாக அடுக்கு நந்தியாவட்டை. ஊரில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் இருந்த பூ, இத்தனை வருடம் வாசலிலேயே இருந்தும் அம்மாவுக்குத் தெரியவில்லை. இப்போது தினமும் சாமிக்கு வைக்கிறார்.

மருந்து அடித்தபோது ஒரு புழு மட்டும் பச்சை மாறிப் பழுப்பாகியிருந்தது. கூட்டுப்புழுவாகும் நேரத்தில்தான் அப்படி மாறுமாம். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் மண்ணுக்கு இறங்கியிருக்கும்.

புக்கிட் பாத்தோக் அம்மா:

எல்லோரும் வெட்டாதே, பொறு என்கிறீர்கள். மல்லி அக்கா தப்பு செய்துவிட்டது போலவே பேச்சு போகிறது. எனக்கு அதில் சம்மதம் இல்லை. மண்வெட்டி அண்ணன் சொன்னபடி ஒரு வருடம் பொறுத்திருந்தால் என் வீட்டில் என்ன ஆகியிருக்கும்?

நாங்கள் குடிபோனபோது வாசலில் ஒல்லி இலையும் மஞ்சள் புனல் பூவுமாக ஒரு செடி. பொன்னரளி. தெரிந்த செடிதான், மாமியார் சிவனுக்கு ஆகும் என்று சந்தோஷப்பட்டார். ஆறு மாதம் கழித்து ஒரு காலை, என் பையன், ஒன்றே கால் வயது, அதன் அடியில் உட்கார்ந்திருக்கிறான். கையில் பச்சையாக ஒரு காய், ஒரு பக்கம் எச்சில் பட்டு ஈரம். வாய்க்குள் விரலைவிட்டுத் துழாவினேன், ஒன்றுமில்லை. காயில் பல் தடமும் இல்லை. இருந்தும் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன், நாள் முழுக்க மடியைவிட்டு இறக்கவில்லை. அந்தக் கொட்டை இதயத்தைத் தாக்கும் விஷம். பூவைத் தெரிந்த மாமியாருக்குக் காயின் விஷமும் தெரியும், எனக்கும் தெரியும். காய் அவன் கைக்கு எட்டும் என்றுதான் இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

அன்று சாயங்காலமே வேரோடு எடுத்தோம். அரளி வகையை எரித்தால் புகையும் ஆகாது என்பதால் கட்டிக் குப்பைக்குத்தான் போட்டோம். மாமியார் மனசு சங்கடப்பட்டது உண்மை. ஆனால் சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் பெயர் தெரியாத செடி இருந்தால் முதலில் வேலி போடுங்கள், முடியாவிட்டால் எடுங்கள். பெயரை அப்புறம் தேடிக்கொள்ளலாம்.

சிராங்கூன் மல்லி:

எல்லோருக்கும் நன்றி. புக்கிட் பாத்தோக் அம்மா, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன்.

மண்வெட்டி அண்ணன் சொன்னதைப் படித்ததும் டார்ச் எடுத்துக்கொண்டு வெளியே போனேன். கையுறையும் போட்டுக்கொண்டேன். கசக்கினால் வாசம் இல்லை. பால் இல்லை. நடுக்காம்பின் இரு பக்கமும் நூல் அகலத்துக்குப் பச்சைப் பட்டை ஓடுகிறது. கிளை நுனியில் கொத்துக் கொத்தாக மணி வைத்திருக்கிறது, பாதி பச்சை, பாதி மஞ்சள். இவ்வளவு நாள் அதைத் துளிர் என்று நினைத்துக் கடந்து போயிருக்கிறேன். மி ஸாய் லான். பாட்டி சொன்னது அதேதான், வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.

வீடு வாங்கிக்கொடுத்த முகவருக்கு நேற்று எழுதினேன். பாட்டியின் மகளிடம் என் எண்ணைக் கொடுத்திருக்கிறார், இன்று காலை அவரே அழைத்தார். பாட்டி இப்போது அடுக்குமாடியில் இருக்கிறாராம், காரிடாரில் ஒரு தொட்டி வைக்க இடம் உண்டாம். பூ முழுக்க மஞ்சளானதும் டின்னோடு வரச் சொல்லியிருக்கிறேன். அதோடு ஒரு கன்றும் கொடுக்க ஆசை. அண்ணே, இதில் பதியம் போட்டால் வருமா? துளிர்த்த கிளைகள் பென்சில் கனம்தான் இருக்கின்றன.

மண்வெட்டி:

வரும். பென்சில் கனம் போதும். ஒரு அங்குலத்துக்குப் பட்டையை வளையமாக எடுத்து, வழவழப்பு போகச் சுரண்டி, நனைத்துப் பிழிந்த பாசியை வைத்துப் பிளாஸ்டிக்கால் இறுக்கிக் கட்டுங்கள். அவசரப்படாதீர்கள், வெள்ளை வேர் பாசி முழுக்கத் தெரிந்த பிறகே கீழே வெட்ட வேண்டும். மூன்று கிளையில் போடுங்கள், ஒன்று பட்டுப்போனாலும் பாட்டிக்கு ஒன்று இருக்கும்.