மறு: கேன்சலேஷன் ஆஃப் டெட் இன்கம் – தமிழ்ல எப்படி?

அண்ணா வணக்கம்,

கேன்சலேஷன் ஆஃப் டெட் இன்கம், அதாவது கட்டவேண்டாம்னு விட்ட கடனை வருமானமா எண்றது, அதுக்கு நீங்க சொன்ன "கடன் மன்னிப்பு வருமானம்" எனக்கு ஒட்டல. நம்மாளுங்க யாரும் கடனை மன்னிக்கிறதில்ல, தள்ளுபடி பண்ணுவாங்க, இல்லன்னா போகட்டும்னு விட்டுடுவாங்க.

முதல்ல விஷயத்தைப் பாப்போம். அமெரிக்கால கிரெடிட் கார்டு பாக்கி 10,000 டாலர், பேசி 4,000-க்கு முடிச்சாச்சுன்னு வைங்க, மீதி 6,000 அந்த வருஷ வருமானத்துல ஏறிடும். வாங்குனப்ப திருப்பித் தரவேண்டிய பணம்ங்கறதால வரி இல்ல, இப்ப தரவேண்டாம்னு ஆயிடுச்சு, அதனால வருமானம். 600 டாலரும் அதுக்கு மேலயும்னா பேங்க் 1099-சிங்கற வரிப் படிவம் அனுப்பும், அதுல 6-ஆம் கட்டத்துல ஒரு எழுத்து இருக்கும், எஃப்-னா ரெண்டு தரப்பும் பேசிக் குறைச்சது, சி-னா கேஸ் போடற கெடு தாண்டிப்போச்சு, ஜி-னா வசூல் பண்றதையே நிறுத்திட்டாங்க. இதுல மன்னிப்பு எங்க வருது? 1931-ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்த கிர்பி லம்பர் கேஸ் இன்னும் விசேஷம், கம்பெனி தான் வித்த கடன் பத்திரத்தையே (பாண்ட்) மார்க்கெட்ல கம்மி விலைக்கு திரும்ப வாங்கிடுச்சு, மிச்சமான 1,37,521 டாலரும் வருமானம்தான்னு நீதிபதி ஹோம்ஸ் எழுதிட்டார்.

"தள்ளுபடி"யும் வேணாம். பேங்க் ரைட்-ஆஃப் பண்ணாலே பேப்பர்ல "கடன் தள்ளுபடி"ன்னு தலைப்பு போட்டுடறாங்க, ஆனா அங்க பேங்க் தன் கணக்குலேர்ந்து எடுக்குதே தவிர வாங்குனவர் இன்னும் கட்டியாகணும் (ஆடித் தள்ளுபடி தொல்லை வேற). கொடுத்தவங்க பக்கத்துக்கு "வாராக்கடன்" ஏற்கனவே நல்லா ஊறிப்போன சொல். அதுக்கு ஜோடியா வாங்குனவர் பக்கத்துக்கு "விடுகடன்"னு வச்சா என்ன? வினைத்தொகை, விட்டது விடறது ரெண்டும் அடங்கும், ஜி எழுத்துக்கும் கச்சிதம். ஆக "விடுகடன் வருமானம்".

இந்தியாவுக்கும் ஒத்துவரும். மஹிந்திரா கேஸ்ல ஜீப் கருவிகளுக்காக அமெரிக்க கம்பெனிகிட்ட வாங்குன கடன்ல 57 லட்சத்துச் சொச்சம் ரூபாய் விட்டுட்டாங்க, அது வருமானம் இல்லன்னு 2018-ல சுப்ரீம் கோர்ட் சொல்லிச்சு, வருமான வரிச் சட்டத்தோட 28(iv) பிரிவு பணமா வர்ற ஆதாயத்தைத் தொடாதுங்கறது ஒரு காரணம். 2023 நிதிச் சட்டத்துல பணமா வந்தாலும் சேரும்னு திருத்திட்டாங்க, இனிமே நம்ம ஆடிட்டர்களுக்கும் இந்தச் சொல் தேவைப்படும்.

—

தம்பி, விடுகடன் நல்லாருக்கு, மன்னிப்பை வாபஸ் வாங்கிக்கறேன். "வருவாய்"னு போட்டா இன்னும் தமிழா இருக்குமே? அப்புறம் சொத்தைவிட கடன் ஜாஸ்தியா இருந்தா அந்த அளவுக்கு வரி கிடையாதே, 982 படிவத்துல காட்டுவாங்களே, அதுக்கு என்ன சொல்?

—

வருவாயை ரெவின்யூவுக்கு விட்டுடலாம்ணா, வருமான வரின்னுதானே எல்லாரும் சொல்றோம். 982-க்கு "நொடிப்பு விலக்கு" போதும், "திவால் விலக்கு" தனி. திவால்னா கோர்ட்டுக்குப் போகணும், நொடிப்புக்கு கணக்குக் காட்டினாப் போதும்.