மறு: ஓவர்கிளாக் – தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

ந.:
அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் கையேட்டில் ஒரு பாடம்: பழைய கணினியை ஓவர்கிளாக் செய்வதா (செயலியை அதற்கு வகுத்த வேகத்தைத் தாண்டி ஓட்டுவது), பாகங்களை மாற்றுவதா? எடுத்துக்காட்டுக்கு 2011இல் வந்த இன்டெல் ஐ5-2500கே செயலி. அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹெர்ட்ஸ், பெருக்கி 33, ஆக 3.3 கிகாஹெர்ட்ஸ். பெருக்கியை 42 ஆக்கினால் 4.2. இந்த வேலைக்குத்தான் சொல் கிடைக்கவில்லை. பழைய வரைவில் 'மிகைக்கடிகாரம்' என்று இருக்கிறது. சுவரில் மாட்டுகிற சாமான் போலத் தோன்றுகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, உதவுங்கள்.

தி.மா.:
கடிகாரமே வேண்டாம், அது வடசொல் வழி வந்தது. முல்லைப்பாட்டில் 'குறுநீர்க் கன்னல்' என்ற நீர்க்கடிகாரம் பார்த்துத்தானே பொழுது சொல்கிறார்கள்? 'மிகைக்கன்னல்' என்க.

க.:
ஐயா, கன்னலுக்குக் கரும்பு, சர்க்கரை என்றும் பொருள் உண்டு. மிகைக்கன்னல் என்று தலைப்புப் போட்டால் பையன்கள் நீரிழிவுப் பாடம் என்று புரட்டிவிட்டுப் போவார்கள். 'முடுக்கம்' போதாதா? பத்தாம் வகுப்பிலேயே தெரிந்த சொல்.

வே.:
தெரிந்த சொல் என்பதுதான் சிக்கல். முடுக்கம் என்பது திசைவேகம் மாறும் வீதம். இந்தச் சில்லு 4.2க்குப் போய் அங்கேயே நிற்கிறது. முடுக்கம் சுழி!

தி.மா.:
வே. இயற்பியலோடு நிற்கிறார். இலக்கணத்துக்கு வாருங்கள். முடுகு தன்வினை, முடுக்கு பிறவினை. தொல்காப்பியர் சொன்ன 20 வண்ணங்களில், அதாவது செய்யுள் ஓசை வகைகளில், கடைசி முடுகு வண்ணம். அடியின் எல்லையைத் தாண்டி உருண்டோடும் ஓசை அது. வேலை கூடும்போது டர்போ என்ற வசதியில் சில்லு தானே 3.7 வரை ஏறுகிறதே, அது 'முடுகல்'. நாம் பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) புகுந்து ஏற்றுவது 'முடுக்கல்'. ஓர் ஒற்றில் இரண்டு கலைச்சொல்! எந்த மொழியில் உண்டு இது?

க.:
அழகுதான் ஐயா. அந்த ஒற்றை அச்சகத்தார் விட்டுவிட்டால்?

வே.:
சொல் இருக்கட்டும், பாடத்தையும் கொஞ்சம் பாருங்கள். பெருக்கி பூட்டப்படாத கே வகைச் சில்லு இருந்தாலும் எச்61 மதர்போர்டு பெருக்கியை ஏற்ற விடாது. பி67, இசட்68 போன்றவை வேண்டும். மின்னழுத்தத்தை 10% கூட்டினால், துடிப்பு மாறாவிட்டாலும் மின்செலவு 21% கூடும், ஏனென்றால் அது அழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுகிறது. துடிப்பையும் கூட்டினால் கேட்கவே வேண்டாம். சில்லின் மேலுள்ள கூலரைக் கழற்றிப் பாருங்கள், வெப்பம் கடத்த இடையில் தடவிய பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாய் உதிரும். அதைத் துடைத்துப் புதிதாய்த் தடவாமல் பயாஸ் பக்கமே போகக் கூடாது. என்னைக் கேட்டால், ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி (சுழலும் தட்டில்லாத வேகமான சேமிப்பகம்), ரேம் 4 ஜிபி என்றால் 8. மெத்தனமாய்த் திறக்கும் கணினிக்கு அதுதான் மருந்து. 4.2 அல்ல.

அப்புறம், 'சால மிகுத்துப் பெயின்' என்று மயிலிறகு வண்டிக் குறளிலேயே பிறவினை இருக்கிறது. அச்சு முறிவதும் அங்கேயே இருக்கிறது. 'துடிப்பு மிகுப்பு'?

க.:
சொல்லும்போது நாக்கு இடறுகிறது. ஆனால் புரிகிறது. சரி.

ந.:
நன்றி. முதல் முறை 'துடிப்பு மிகுப்பு (ஓவர்கிளாக்)' என்றும், பிறகு வெறும் ஓவர்கிளாக் என்றும் போடுகிறேன். கடையில் அப்படித்தான் கேட்பார்கள்.

தி.மா.:
பிறகும் ஓவர்கிளாக்தான் என்றால் இத்தனை மடல் எதற்கு? என் வாக்கு 'முடுக்கல்'. அடிக்குறிப்பிலாவது இடவும். துடிப்பைக் குறைக்கும் அண்டர்கிளாக்குக்குத் தனி இழை தொடங்குகிறேன்.

க.:
ஐயா, வெள்ளிக்குப் பிறகு.